மூன்று சொட்டு

ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில், லாரியின் டீசல் பம்ப்பை இரண்டு கல்லின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் முனிரத்தினம். வாஷர் மாற்றியும் கசிவு நிற்கவில்லை. அடியில் வைத்த தகர டப்பாவில் மூன்று சொட்டு விழுந்தது. சற்று நின்று, மறுபடி மூன்று.

லாரி வேலைக்கு வருமுன் அவர் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை இயக்கியவர். கீழேயிருந்து மூன்று முறை மணி அடித்தால் ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று பொருள். மேலிருந்து பதிலுக்கு மூன்று அடித்த பிறகே கேஜைத் தூக்க வேண்டும். மனைவி காந்தம்மாவின் அண்ணன் உட்பட ஆறு பேர் கீழே சிக்கிய அன்று, அந்த மணிக்காக அவர் இரண்டு நாள் காத்திருந்தார். வரவில்லை. கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்டை அப்படியே மூடிவிட்டார்கள்.

"இன்னாங்க, மூணு மூணா விழுது. பதில் அடிக்காம குந்திக்கினு கீறீங்க?" என்றாள் காந்தம்மா.

அவர் ஸ்பானரால் டப்பாவை மூன்று முறை தட்டினார். கசிவு நின்றது.

எதிரே, மூடிய ஷாஃப்டின் மேல், கேஜைத் தூக்கிய, இப்போது கயிறு கழற்றிய சக்கரம் சுற்றத் தொடங்கியது. ஆட்களை ஏற்றிவரும்போது சுற்றும் அதே நிதானம். முனிரத்தினம் எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்தார்.

காந்தம்மா பெரிய தவலையை அடுப்பில் ஏற்றினாள்.

"ஆறு பேரு குளிக்கணும்" என்றாள்.