முன்வரிசை அப்பா

பேஸ்பால் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதுதான் நடந்துகொண்டிருந்தது. அதற்குள் எனக்கு முன்வரிசையில் இருந்தவரின் சட்டை முழுக்கப் பால். மடியில் பத்து மாதக் குழந்தை. காலடியில் இரண்டு வயதுப் பையன், யாரோ துப்பிய வேர்க்கடலைத் தோலைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

மில்வாக்கி அணிக்காரன் அடித்த பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. மைதானமே எழுந்து கத்தியது. அவர் மட்டும் டயப்பருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கேயும் ஸ்கோர் ஆயிடுச்சு போல," என்றேன்.

பக்கத்து இருக்கைப் பெண்மணி சிரிக்கவில்லை. "பாவம், அந்த மனுஷன் தனியா அல்லாடுறாரு. உங்களுக்குக் கிண்டலா இருக்கு."

"கைக்குழந்தையை யாரு மேட்சுக்குத் தூக்கிட்டு வரச் சொன்னா?"

"பெத்தவ எங்க போய்த் தொலைஞ்சாளோ."

"எங்கயாவது காலை நீட்டி உக்காந்து பியர் குடிச்சிட்டிருப்பா," என்று சொல்லி என் கோப்பையைக் காலி செய்தேன்.

பையன் திரும்பினான். என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினான். நான் தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டேன்.

அவரும் என் பக்கம் திரும்பினார். அழாத குறை. "கொலீன், போதும். ஒண்ணையாவது வாங்கிக்கோ."

"'வீட்ல சும்மாதானே இருக்கே, ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் மேட்சே பார்ப்பேன்'னு சொன்னது நீதானே, கர்ட்? இன்னும் ஆறு இன்னிங்ஸ் இருக்கு. சும்மா உக்காந்து பாரு."