ஐந்து சொற்கள்

றக்பி ஆட்டத்தின் நடுவில் எதிரணிக்காரனின் முழங்கால் காதோரத்தில் இறங்கியபோது, நிமலேசனுக்குத் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. ஒரு பல்லைத் துப்பினான். மைதானத்தின் ஓரத்தில் டொக்டர் யசோதரா ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். "ஆணி, மழை" என்று அவன் நிறுத்திக்கொண்டான். அது போதும். ஆண்டுத் தொடக்கச் சோதனையில், தலையில் அடியே படாத நாளிலும், வேண்டுமென்றே இரண்டைத்தான் சொல்லியிருந்தான். அணியில் பாதிப் பேர் செய்கிற வேலை அது. அன்றும் இரண்டு, இன்றும் இரண்டு என்றால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று திரும்ப உள்ளே விட்டுவிடுவார்கள். விட்டார்கள். போன வேகத்தில் அந்த முழங்கால்காரனைத் தோளால் இடித்துச் சாய்த்தான். இடிபட்டவனின் விலா எலும்பு முறிந்தது. அரங்கம் எழுந்து நின்று கத்தியது.

தேசிய அணியில் பதினொரு ஆண்டுகள் இப்படியே போயின.

பன்னிரண்டாம் ஆண்டுத் தொடக்கச் சோதனையிலும் இரண்டு சொற்களோடு நிறுத்தினான். டொக்டர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"உம்மட கள்ளம் எனக்கு எப்பவோ தெரியும். ஒருத்தரிட்டயும் சொல்ல மாட்டன். இண்டைக்கு மட்டும் அஞ்சையும் சொல்லும்."

நிமலேசன் மேசையில் ஓங்கிக் குத்தினான். மேசைக் கண்ணாடி வெடித்தது. அவன் கைமுட்டியிலிருந்து ரத்தம் சோதனைத் தாளில் சொட்டியது. மூன்றாவது சொல்லை மனதுக்குள் தேடினான். மறுபடி குத்த ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"நீங்கள் ரெண்டுதானே சொன்னனீங்கள், டொக்டர்?"