கீழே வைத்த மருந்து

கைபேசித் திரையில் கதிர்வீச்சு பரவிய ஒரு நகரம். உத்திரமேரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் துப்பாக்கி ஆட்டம் அது. எல்லாருக்கும் புனைபெயர்தான். மோகனா அதில் 'குருவி'. அவளுடைய கூட்டாளி 'சுல்தான்' நடக்க முடியாமல் தள்ளாடினான்.

“குருவி, கதிர்வீச்சு ஏறிக்கினே கீது. மருந்து வெச்சிக்கினு கீறியா?” ஹெட்போனில் கெஞ்சினான்.

“கடைசியா ஒண்ணு கீது.”

“குடு, செத்துடுவேன். ஜெயிக்கப் போற ஆட்டம்.”

மோகனா மருந்துக் குப்பியைத் தரையில் போட்டாள்.

“எடுத்துக்கோ.”

“இன்னா கீழ போடற? கைல குடுக்கத்தான் பட்டன் கீதே, அமுக்கு. குனிஞ்சா சுட்டுடுவானுங்க.”

“கீழதான் வெப்பேன். வேணும்னா எடு.”

“இன்னா திமிரு உனக்கு. நாய்க்குப் போடற மாதிரி போடற. எனக்கு மரியாத கெடயாதா?”

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் காத்திருந்தாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கு முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

“காலைல உங்க கழனில நாத்து நட வந்த எங்கம்மாவுக்கு நாஷ்டா பொட்டலத்த எப்டி குடுத்த பிரதாப்பு? கை பட்டுடப் போவுதுன்னு வரப்புல வெச்சிட்டு, எட்டி நின்னுக்கினு எடுத்துக்கோன்னு சொன்னல்ல?”

திரையில் சுல்தான் குருவியின் பக்கம் திரும்பினான்.

“நீ... யாரு?”

“ஏரிக்கரை கன்னியம்மா பொண்ணு மோகனா. சீக்கிரம் எடு, நேரமாவுது.”

சுல்தானின் உயிர்க்கோடு சிவப்பாகிக் கரைந்துகொண்டே வந்தது. குருவி துப்பாக்கியோடு நிமிர்ந்து நின்றாள்.

அவன் குனிந்தான்.