கடைசி முடி

"இன்னிக்கே எல்லாத்தையும் முடிச்சு விடுங்கக்கா. எவ்வளவு நேரமானாலும் சரி."

கேட்கவே கூடாது என்று அக்கா முதல் நாளே சொல்லி வைத்தது அதைத்தான். முகத்து முடியை மின்சார ஊசியால் வேரோடு கருக்கி எடுப்பவள் அவள். ஒவ்வொரு வேராகத்தான் ஊசி போகும், சுள்ளென்று சுடும், முகம் இரண்டு நாள் சிவந்து கிடக்கும், புதிது புதிதாக முளைத்து வரும். எப்போது முடியும் என்று மட்டும் அவசரப்படுத்தாதே.

அக்கா உருப்பெருக்கி விளக்கை இவள் தாடைக்கு மேல் இழுத்து நிறுத்தினாள். "என்னடி அவசரம்? கல்யாணமா?"

"வேலை. ரொம்பத் தூரம். திங்கக்கிழமை சேரணும்."

ஊசி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. "இன்னும் நாலஞ்சு தடவை வரணுமேடி. தள்ளிப்போட முடியாதா?"

"எங்கம்மாவும் அதான் சொல்றாங்க. முழுசா தீந்துச்சுன்னு நீங்க உங்க வாயால சொல்லணுமாம், அப்புறம்தான் அனுப்புவாங்களாம்." படுத்தபடியே பல்லைக் கடித்தாள். "எங்க குடும்பத்துலயே முதல் பட்டதாரி நான். போட்டோ எடுக்கறப்ப பட்டத்த வாய்க்கு நேரா பிடின்னாங்க."

"பேசாத, தாடை ஆடுது."

"காலேஜ்ல எல்லாருக்கும் நான் 'மாமா'. வாத்தியார்கூட அப்படித்தான் கூப்பிட்டாரு."

"அவரக் கூட்டிட்டு வா. காதுக்குள்ள ஒரு காடே இருக்கும், ஊசி போட்டு விடறேன்."

இருவரும் சிரித்தார்கள். வெளியறை நாற்காலிகளில் தூசி படிந்திருந்தது.

முடி இடுக்கியில் சிக்க வேண்டுமென்றால், வருவதற்கு முன் சில நாள் அதை மழிக்காமல் விட வேண்டும். அந்த நாட்களில் முகக்கவசம் இல்லாமல் அவள் பேருந்தில் ஏறியதில்லை. இன்று வெறும் முகமாக வந்திருந்தாள்.

வீட்டில் அவள் சாப்பிட உட்கார்ந்தால் அண்ணன் தட்டோடு எழுந்துபோவான். அப்படியே பழகி, இப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். அவள் முகத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்து, தொட்டு, கதை பேசியவள் உலகத்திலேயே இந்த அக்கா ஒருத்திதான்.

ஊசி தாடையில் அங்கங்கே பட்டுப் பட்டு எழுந்தது. கடைசியில் அக்கா கற்றாழைக் களிம்பைக் குளிரக் குளிரத் தடவினாள்.

"புதன்கிழமை வந்துடு. வேலை எங்க ஓடிடப் போகுது?"

"டிக்கெட் எடுத்தாச்சுக்கா."

"பாதியில விட்டுட்டுப் போனா எப்படிடி?" அக்காவின் குரல் உடைந்தது. கையுறையைக் கழற்றாமலே நின்றாள்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். படியில் ஒரு காலை வைத்தபின்தான் சொன்னாள்:

"முடி எப்பவோ தீந்துடுச்சு. நானும் தெரிஞ்சுதாங்க்கா வந்துட்டிருந்தேன்."