சங்கரி போட்ட முடிச்சு

கடைசியாக மூக்குத்தியை விற்ற பணத்தையும் சேர்த்து, எண்பதாயிரம் ரூபாயைப் பச்சைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டினாள் சங்கரி.

“போய்க் குடுத்துட்டு வாங்க. முன்பணக் கடன் இருக்குதுன்னுதானே ஏழு வருஷமா உங்க மொதலாளி கூலியை ஏத்தவே இல்ல?”

ஆனந்தகுமார் கிளம்பினான்.

பதினாலு மாதமாக அவன் தறியை விட்டு எழுந்ததும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். அவள் கோயில் கடைகளுக்குப் பூ கட்டினாள். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கஷாயத்தோடு சமாளித்தார்கள். வீட்டில் பால் வாங்குவதே நின்றுபோயிருந்தது.

இன்றைக்குத்தான் அரை லிட்டர் வாங்கிப் பாயசம் வைத்தாள்.

பொழுது சாயும்போது வந்தவன், அடுத்த சேலைக்கான பட்டுப் பாவு நூலைத் தறியோரம் வைத்தான். பணக்கட்டை அவள் மடியில் போட்டான். பச்சை முடிச்சு அப்படியே இருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “நம்ம கஷ்டத்தைப் பார்த்துத் தள்ளுபடி பண்ணிட்டாரா?”

“இல்லம்மா. பணத்தை வாங்கிக்கினு பத்திரத்தைக் கிழிச்சிட்டாரு. அடுத்த பாவு கேட்டேன். ‘கடன் இல்லாதவன் நாளைக்கே வேற எடத்துக்குப் போயிடுவான், அவனை நம்பி எப்படிப் பட்டு தர்றது’ன்னாரு.”

“வேற மொதலாளியே இல்லியா?”

“நாலு பேர்கிட்ட போனேன். எவ்வளவு முன்பணம் வேணும்னுதான் மொதல்ல கேக்கிறாங்க. கடைசியில இவர்கிட்டயே வந்து புதுப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டேன். அதே எண்பதாயிரம், அதே கூலி.”

சங்கரி முடிச்சைத் தடவிப் பார்த்தாள்.

“நான் திரும்பி வருவேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குது, சங்கரி. கட்டைப் பிரிக்கக்கூட இல்ல.”