எண்பத்தொன்பது டிகிரி

“எண்பத்தாறு. இன்னும் ஏறுது, மேடம்” என்றார் சோதனை அறைப் பொறுப்பாளர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் அவளை வாடி போடி என்று பேசும் கணவர்தான் அவர். அலுவலகத்துக்குள் கால் வைத்துவிட்டால் அவள் மேடம், அவர் சார். மனைவிக்குச் சலுகை காட்டினார் என்று ஒருவரும் வாய் திறந்துவிடக் கூடாதாம்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். வீடியோ கேம் பெட்டியின் மதர்போர்டைப் புதிதாக வடிவமைத்து, சூட்டை வெளியேற்றும் அலுமினியக் கட்டியைப் பாதியாகக் குறைத்திருந்தாள். அது போதும் என்று மேலிடத்தில் அடித்துப் பேசியதும் அவள்தான். உள்ளே இருக்கும் சிப்பின் சூடு தொண்ணூறைத் தொட்டால் எல்லாம் குப்பைக்கு. எட்டு மாத உழைப்பும், அவளை நம்பி வந்த ஐந்து பேரின் வேலையும் சேர்த்து.

கணக்குப்படி எழுபதைத் தாண்டவே கூடாது. எங்கே கோட்டை விட்டோம் என்று மண்டையைக் குடைந்துகொண்டாள். பெட்டி இருந்ததோ பூட்டிய சோதனை அலமாரிக்குள். மதியம் ஒரு துணிப்பையோடு வந்து அதைச் சாத்திய கணவர், பிறகு திறக்கவே இல்லை. ஃபேன் சுற்றுகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கெஞ்சினாள். நான்கு மணி நேரம் முடியாமல் திறக்க முடியாது, விதி என்றால் விதிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இந்த மனுஷனுக்கு இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று அவள் மனதுக்குள் தீர்ப்பு எழுதினாள்.

எண்பத்தெட்டு. எண்பத்தொன்பது. அதற்கு மேல் ஏறவில்லை. நேரம் முடிந்து மணி அடித்தது.

“பாஸ்” என்று அவர் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். மூச்சு சீரானதும்தான் சந்தேகம் வந்தது.

“ஆனா இவ்வளவு ஏன் ஏறிச்சு, சார்?”

“விதிப்படி செய்யற டெஸ்ட் காலையிலேயே முடிஞ்சுது. அறுபத்தொன்பதுதான். இது நானா வெச்ச டெஸ்ட்” என்று அலமாரியைத் திறந்தார்.

ஓடிக்கொண்டிருந்த பெட்டியை மூச்சுவிட இடமில்லாமல் மூடியிருந்தது, தூசி படக்கூடாதென்று அவள் வீட்டிலுள்ள பழைய வீடியோ கேம் பெட்டியின் மேல் எப்போதும் போர்த்தி வைக்கும் பூப்போட்ட துணி.

“எடு எடுன்னு மூணு வருஷமா சொல்றேன், நீ கேக்கல” என்றார் கணவர். “புதுசு வந்ததும் தாராளமா போர்த்திக்கோ.”