காணாமல் போன ஸ்க்ரூ

கழற்றிப் போட்ட கம்ப்யூட்டருக்குள் அக்கா புளோயரால் தூசி ஊதுகிறாள். காற்றின் வேகத்தில் உள்ளே இருக்கும் விசிறி சுழன்று கெட்டுவிடக் கூடாதென்று அதை இடக்கை விரலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள். பக்கத்து மேசையில் மதர்போர்டை முடுக்கிக்கொண்டிருக்கும் அவள் புருஷன் கத்துகிறார். “ஒரு ஸ்க்ரூ எங்கடி? போர்டுக்கு அடியில கிடந்தா மொத்தமும் புகைஞ்சு போயிடும்!” கேட்கும்போதே அக்காவின் கன்னத்தில் அறை விழுகிறது. புளோயர் தரையில் உருண்டு இரைகிறது. தூசி டியூப்லைட் வரை எழும்புகிறது. மாமா அவள் முடியைச் சுருட்டிப் பிடித்து, ஸ்க்ரூடிரைவரைக் கண்ணுக்கு நேராக நீட்டுகிறார். “முழுங்கிட்டியா? இந்தக் கண்ணு உனக்கு எதுக்கு, நோண்டிடவா?” கீபோர்டு துடைக்கும் என் கை நின்றுபோகிறது. ஸ்க்ரூடிரைவரின் காந்த நுனியில் அந்த ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு மினுங்குகிறது. அக்கா இமைக்காமல் இரண்டு விரலால் அதைப் பூப்போல எடுத்து, “இந்தாங்க” என்கிறாள். கடை வாசலில் காத்திருக்கும் வாடிக்கையாளர் களுக்கென்று சிரித்துவிடுகிறார். மாமாவின் காது மடல் சிவக்கிறது. “பார்த்துக்கிட்டே வாயை மூடிட்டு நின்னியாடி?” இரண்டாவது அறை இன்னும் பலமாக விழுகிறது. சிரித்தவர் அவசரமாகச் செல்போனைப் பார்க்கிறார். அக்கா குனிந்து புளோயரை எடுக்கிறாள். விசிறியை மறுபடியும் விரலால் பிடிக்கிறாள். புளோயர் இரைகிறது, விசிறி அசையவில்லை.